ஜி.ஆர்.இ. ஆங்கிலப் பகுதி: சொற்களை மனப்பாடம் செய்தும் மதிப்பெண் ஏன் நகரவில்லை?

கேள்வி: தேர்வுக்குத் தயாராகும் பொறியாளர்

வணக்கம். முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். பொறியியல் படித்தவன் என்பதால் கணிதப் பகுதி பெரிய தொல்லையாக இல்லை. ஆங்கிலப் பகுதியான வெர்பல் ரீசனிங்தான், எந்த மாதிரித் தேர்வை எழுதினாலும் (130 முதல் 170 வரையான அளவில்) 150-ஐ ஒட்டியே நிற்கிறது. நான் விண்ணப்பிக்க விரும்பும் துறைகளுக்கு இது போதாது என்று நினைக்கிறேன்.

இதுவரை என் தயாரிப்பு பெரும்பாலும் சொற்பட்டியல்தான். கைபேசிச் செயலியில் அட்டைகளைப் புரட்டிப் புரட்டி, ஒரு முழுப் பட்டியலை ஏறக்குறைய மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு சொல்லைக் காட்டினால் உடனே பொருள் சொல்ல முடிகிறது. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் கேள்விகளில், கொடுக்கப்பட்ட எல்லாச் சொற்களின் பொருளும் தெரிந்திருந்தும் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கிறேன். பத்தி வாசிப்பில் நேரம் போதவில்லை. கட்டுரைப் பகுதியை இன்னும் தொடவே இல்லை.

தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல் இருக்கிறது. இன்னும் பெரிய சொற்பட்டியலுக்குப் போகலாமா, அல்லது வேறு எதையாவது மாற்ற வேண்டுமா? இந்தத் தேர்வை எழுதி முடித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: முதுநிலை ஆய்வு மாணவி

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. எல்லாச் சொற்களின் பொருளும் தெரிந்திருந்தும் விடை தவறுகிறது என்றால், இன்னொரு பட்டியலை மனப்பாடம் செய்வதால் அது சரியாகப் போவதில்லை. நீங்கள் வாக்கியத்தை முழுமையாகப் படிப்பதற்கு முன்பே விடைக்காகக் கொடுக்கப்பட்ட விருப்பச் சொற்களின் பக்கம் கண்ணைத் திருப்பிவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சொற்பட்டியலில் ஊறியவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாகவே வந்துவிடும். தெரிந்த சொல்லைக் கண்டவுடன் அதை எங்காவது பொருத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும்.

முதலில் தேர்வின் அளவைப் பாருங்கள். வெர்பலில் மொத்தம் 27 கேள்விகள்தான்: முதல் பிரிவில் 18 நிமிடங்களில் 12, இரண்டாம் பிரிவில் 23 நிமிடங்களில் 15. இவற்றில் ஏறக்குறையப் பாதி பத்தி வாசிப்பைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அரிய சொற்கள் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. மீதிப் பாதியிலும், சொல்லின் பொருள் தெரியாததால் மட்டுமே தவறுபவை எத்தனை என்று நீங்கள் ஏற்கெனவே எழுதிய மாதிரித் தேர்வுகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

கோடிட்ட இடக் கேள்விகள் சோதிப்பது தர்க்கத்தைத்தான். அதைத் தமிழிலேயே காட்டுகிறேன். "தன் முடிவுகளை ஐயத்துக்கு இடமின்றி அறிவிப்பவர் என்று பெயரெடுத்த அந்த வரலாற்றாசிரியர், இந்த நூலில் மட்டும் வியப்பூட்டும் அளவுக்கு ______ எழுதியிருக்கிறார்" என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். விருப்பங்கள்: நுட்பமாக, கடுமையாக, தயக்கத்துடன், சுவையாக, விரிவாக. ஒரு வரலாற்று நூலைப் பற்றிப் பேசும்போது ஐந்துமே இயல்பாகக் காதில் விழக்கூடியவை. ஆனால் "மட்டும்" என்பதும் "வியப்பூட்டும்" என்பதும், அவருடைய வழக்கத்துக்கு எதிரான ஒன்று வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அவருடைய வழக்கம் என்ன? ஐயமின்றி அறிவிப்பது. அப்படியானால் கோட்டில் ஐயத்தைக் குறிக்கும் சொல்தான் நிற்க முடியும். வாக்கியத்தில் இல்லாத ஒரு செய்தியை நாமாகச் சேர்த்தாலொழிய "நுட்பமாக" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

ஆங்கில வாக்கியத்திலும் இத்தகைய திருப்புமுனைச் சொற்களைத் தேடுங்கள். 'ஆல்தோ', 'டிஸ்பைட்', 'ஃபார் ஃப்ரம்', 'பாரடாக்ஸிகலி' போன்றவை திசையை மாற்றுபவை; 'இன்டீட்', 'மோரோவர்' போன்றவை அதே திசையில் இன்னும் ஓர் அடி எடுத்து வைப்பவை. நிறுத்தற்குறிகளையும் விட்டுவிடாதீர்கள். முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் முன்னால் சொன்னதன் விளக்கமாகவே இருக்கும். கோட்டுக்குத் தேவையான பொருள் முழுவதும் அங்கேயே கிடைத்துவிடுவதும் உண்டு. திரையில் விருப்பங்கள் இருக்கும் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு, கோட்டில் என்ன வர வேண்டும் என்று நீங்களே ஓர் எளிய சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் தமிழில் தோன்றினாலும் தவறில்லை. அதன் பிறகு கையை எடுத்து, அதற்கு நெருக்கமான ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். தொடக்கத்தில் இது நேரத்தை விழுங்குவதுபோல் தோன்றும். பழகியபின், விருப்பங்களுக்கிடையே அலைந்து கெடும் நேரம் மிச்சமாகும்.

மூன்று கோடுகள் உள்ள கேள்வியில் முதல் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்தக் கோட்டுக்கு வாக்கியத்தில் வலுவான சான்று இருக்கிறதோ அதை முதலில் நிரப்புங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று விருப்பங்கள் என்பதால் மொத்தம் 27 சேர்க்கைகள். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். சென்டன்ஸ் ஈக்குவலன்ஸில் ஆறு சொற்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே 15 இணைகள் சாத்தியம், பகுதி மதிப்பெண் அங்கேயும் கிடையாது. உங்களைப் போல் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒரே பொருளுடைய ஓர் இணை கண்ணில் பட்டதும் வாக்கியத்தைப் படிக்காமலேயே அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தாத இணையொன்றும் ஆறு சொற்களுக்குள் பதுங்கியிருக்கலாம். இரண்டு சொற்களும் வாக்கியத்தில் பொருந்த வேண்டும். பொருத்திய இரண்டு வாக்கியங்களும் ஒரே பொருளைத் தர வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியை வாசிப்புக்கு மாற்றுங்கள். அன்றாடச் செய்திகள் இதற்கு உதவமாட்டா. அவற்றின் வாக்கியங்கள் எளியவை. அறிவியல், வரலாறு, கலை விமர்சனம் ஆகியவற்றில் பொது வாசகர்களுக்காக எழுதப்பட்ட நீண்ட கட்டுரைகளைப் படியுங்கள். அதிலும், உங்களுக்கு ஆர்வமில்லாத துறையிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஆசிரியர் என்ன சொல்கிறார், யாருடைய கருத்தை மறுக்கிறார் என்பதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பத்தி புரியவில்லை என்றே பொருள்.


பதில்: சொற்பட்டியல் ஆதரவாளர்

மேலே எழுதியவர் வாக்கியத் தர்க்கத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சொற்பட்டியலை இந்த அளவுக்குத் தாழ்த்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. கோட்டில் என்ன வர வேண்டும் என்று மிகச் சரியாக ஊகித்துவிட்டு, ஐந்து விருப்பங்களில் மூன்றின் பொருள் தெரியாமல் விழிப்பவரையும் நான் பார்த்திருக்கிறேன். தர்க்கம் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும்.

குறை பட்டியலில் இல்லை, அதைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. அட்டையின் ஒரு பக்கத்தில் சொல், மறுபக்கத்தில் ஒற்றைப் பொருள் என்று படித்தால், தேர்வு கேட்கும் பொருள் பல நேரங்களில் அந்த அட்டையில் இருக்காது. பள்ளிக்காலம் முதல் தெரிந்த சொற்களே அதிகம் ஏமாற்றுபவை. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கூற்றுக்கு வரம்பு கட்டி அதன் வீச்சைக் குறைப்பதையும் அது குறிக்கும், தேர்வுப் பத்திகளில் இந்தப் பொருள்தான் அடிக்கடி வரும். 'சாங்ஷன்' என்பது அனுமதியையும் குறிக்கும், தண்டனை நடவடிக்கையையும் குறிக்கும். 'டிஸின்ட்ரஸ்டட்' என்றால் பக்கச் சார்பற்றவர் என்று பொருள். அதை ஆர்வமற்றவர் என்று எடுத்துக்கொண்டால் பாராட்டு வசையாக மாறிவிடும். உருவத்தில் நெருங்கியவற்றையும் கவனியுங்கள்: 'இன்ஜீனியஸ்' புத்திக்கூர்மையைக் குறிக்கிறது, 'இன்ஜெனுவஸ்' சூதுவாதற்ற வெள்ளை மனத்தைக் குறிக்கிறது.

ஆகவே புதிய பட்டியலுக்குப் போகாமல் கையில் இருக்கும் பட்டியலையே மறுபடியும் எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் இரண்டாம், மூன்றாம் பொருளையும் பார்த்து, அது இடம்பெறும் ஒரு முழு வாக்கியத்தை அட்டையில் எழுதுங்கள். பொருள் நெருக்கமுள்ள சொற்களைக் கொத்தாகச் சேர்த்துப் படியுங்கள்; சிக்கனத்தைக் குறிப்பவை ஒரு கொத்து, பிடிவாதத்தைக் குறிப்பவை ஒரு கொத்து என்று. சென்டன்ஸ் ஈக்குவலன்ஸுக்கு இந்தக் கொத்துகள்தான் நேரடியாகக் கைகொடுப்பவை. முழுப் பொருள் நினைவுக்கு வராத சொல்லானாலும், அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்ற அளவுக்காவது தெரிந்திருந்தால் பல விருப்பங்களைக் கழித்துவிடலாம்.

பயிற்சிப் புத்தகம் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். எதிர்ச்சொல், ஒப்புமை ஆகிய கேள்வி வகைகள் 2011-லேயே இந்தத் தேர்விலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. 200 முதல் 800 வரை இருந்த மதிப்பெண் அளவும் அப்போதுதான் 130 முதல் 170 வரை என்று மாறியது. அதற்கு முந்தைய புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டால், இல்லாத கேள்விகளுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.


பதில்: கட்டுரைப் பயிற்சியாளர்

கட்டுரையைத் தொடவே இல்லை என்று எழுதியிருப்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபோது, பிறருடைய வாதத்தை ஆராயும் கட்டுரை நீக்கப்பட்டது. இப்போது ஒரே ஒரு கட்டுரைதான்: ஒரு பொதுக் கருத்தைக் கொடுத்து, அதைப் பற்றி உங்கள் நிலைப்பாட்டை 30 நிமிடங்களில் எழுதச் சொல்வார்கள். தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம், தலைப்புகள் எடுக்கப்படும் முழுத் தொகுப்பையும் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அத்தனைக்கும் கட்டுரை எழுதிப் பார்ப்பது வீண் வேலை. தொகுப்பை ஒருமுறை முழுவதும் படித்தால், கல்வி, தொழில்நுட்பம், அரசு, கலை, தனிமனிதரும் சமூகமும் என்று சில பொருள்களே திரும்பத் திரும்ப வருவது புலப்படும். அவை ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓரிரண்டு எடுத்துக்காட்டுகளைத் தயாராக வைத்திருங்கள்.

எடுத்துக்காட்டு என்றால் பெயரை உதிர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். "புதியதைக் கண்டுபிடிப்பவரைவிட, இருப்பதைச் செம்மைப்படுத்துபவரே சமூகத்துக்கு அதிகம் பயன்படுகிறார்" என்று ஒரு தலைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். பென்சிலினைச் சொல்லலாம். 1928-இல் பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா வளராததைக் கவனித்தவர் ஃப்ளெமிங். ஆனால் அதைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தி, நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக்கும் வேலை ஃப்ளோரி, செயின் ஆகியோரின் ஆக்ஸ்ஃபோர்டு குழு வேலையில் இறங்கிய பிறகே, பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் கைகூடியது. இதுவரை எழுதினால் தலைப்புக்கு ஆதரவு. 1928-இன் அந்தக் கவனிப்பு இல்லாமல் செம்மைப்படுத்த எதுவும் இருந்திருக்காது என்று அடுத்த வரியில் எழுதினால், அதே எடுத்துக்காட்டே உங்கள் நிலைப்பாட்டுக்கு எல்லை வகுக்கிறது. 1945-ஆம் ஆண்டின் நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டதையும் அங்கே பயன்படுத்தலாம். மூன்று எடுத்துக்காட்டுகளை ஒவ்வொரு வரியில் சொல்லி ஓடுவதைவிட, ஒன்றை இப்படி இரு பக்கமும் திருப்பிக் காட்டுவது மேலானது.

தலைப்புக்குக் கீழே இருக்கும் அறிவுறுத்தலை இரண்டு முறை படியுங்கள். எந்தச் சூழ்நிலைகளில் அந்தக் கருத்து பொருந்தும், எவற்றில் பொருந்தாது என்று ஒரு தலைப்பில் கேட்டிருப்பார்கள். உங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராக எழக்கூடிய வாதங்களுக்குப் பதில் சொல்லும்படி இன்னொன்றில் கேட்டிருப்பார்கள். கேட்டதை விட்டுவிட்டு எவ்வளவு அழகாக எழுதினாலும் மதிப்பெண் குறையும். தேர்வுத் திரையில் எழுத்துப்பிழை திருத்தும் வசதி இருக்காது என்பதால், பயிற்சியின்போதும் அதை அணைத்து வைத்துவிட்டு எழுதுங்கள். கட்டுரையை ஒரு பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளரும் ஈ-ரேட்டர் என்ற கணினி நிரலும் மதிப்பிடுகின்றன. இரண்டும் நெருங்கி வராவிட்டால் இன்னொரு மனித மதிப்பீட்டாளர் படிப்பார். சிறு பிழைகளுக்காக அஞ்ச வேண்டியதில்லை. வாதம் தொடர்ச்சியாகப் போகிறதா என்பதே முதன்மையாகக் கவனிக்கப்படும்.


தொடர் கேள்வி: தேர்வுக்குத் தயாராகும் பொறியாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய மாதிரித் தேர்வுகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சொல் தெரியாமல் தவறியவை உண்மையில் சிறுபான்மைதான். பெரும்பாலான தவறுகள் பத்தி வாசிப்பில் இருக்கின்றன. ஐந்து விருப்பங்களில் மூன்றைக் கழித்துவிடுகிறேன். மீதமுள்ள இரண்டில் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். முதல் பிரிவை எப்படி எழுதுகிறோமோ அதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவு அமையும் என்கிறார்களே, அப்படியானால் முதல் பிரிவில் ஒவ்வொரு கேள்வியிலும் நின்று நிதானிக்க வேண்டுமா?


பதில்: முதுநிலை ஆய்வு மாணவி

முதல் பிரிவில் நீங்கள் பெறும் மதிப்பெண்ணைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் அமைவது உண்மைதான். ஆனால் ஒரு பிரிவுக்குள் உங்கள் விடையைப் பொறுத்துக் கேள்விக்குக் கேள்வி கடினம் மாறுவதில்லை. ஆகவே ஒரு கேள்வியைத் தவறவிட்டால் அடுத்தது எளிதாகிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். ஒரே பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், குறியிட்டு வைத்துத் திரும்பி வரலாம், விடையை மாற்றலாம். கேள்வி ஒன்றுக்குச் சராசரி ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கிறது. கோடிட்ட இடக் கேள்விகளை அதைவிட வேகமாக முடித்து, மிச்சமாகும் நேரத்தைப் பத்திகளுக்கு ஒதுக்குங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால் எதையும் வெறுமையாக விட வேண்டாம்.

இனி இரண்டில் ஒன்று என்ற சிக்கலுக்கு வருகிறேன். தோற்கும் விருப்பம் பெரும்பாலும் பத்தி சொன்னதைவிட ஓர் அடி அதிகமாகச் சொல்லியிருக்கும். "வலசை போகும் பறவைகள் சூரியனை மட்டுமே வைத்துத் திசையறிகின்றன என்று முன்பு கருதப்பட்டது, ஆனால் மேகம் மூடிய இரவுகளிலும் அவை வழி தவறாமல் பறப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள்" என்று பத்தியில் இருக்கிறது என்று வையுங்கள். இதிலிருந்து எதை ஊகிக்கலாம் என்பது கேள்வி. "பறவைகள் திசையறியச் சூரியனைப் பயன்படுத்துவதில்லை" என்பது ஒரு விருப்பம், "சூரியன் தென்படாதபோதும் பறவைகளால் திசையறிய முடிகிறது" என்பது இன்னொன்று. முதலாவது ஒரு பெரிய கண்டுபிடிப்பைப் போல் ஒலிக்கிறது, இரண்டாவது சப்பென்று இருக்கிறது. சரியான விடை அந்தச் சப்பென்றதுதான். பகலில் சூரியனைப் பயன்படுத்துவதைப் பத்தி எங்கும் மறுக்கவில்லை. 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' போன்ற சொற்கள் ஒரு விருப்பத்தில் இருந்தால், அந்த அளவு உறுதி பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

வேறொரு வகையும் உண்டு: பத்தியில் அப்படியே இருக்கும் செய்தியைச் சரியாகச் சொல்லும், ஆனால் கேட்ட கேள்விக்கு விடையாகாத விருப்பம். ஆசிரியர் அந்த எடுத்துக்காட்டை ஏன் தந்தார் என்று கேட்டிருக்கும்போது, எடுத்துக்காட்டு என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்லும் விருப்பம் இந்த வகை. மூன்று விருப்பங்களைக் கொடுத்துப் பொருந்துபவை அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில், ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக எண்ணி 'ஆம்', 'இல்லை' என்று முடிவு செய்யுங்கள்; ஒன்று மட்டுமே சரியாக இருப்பதும் உண்டு, மூன்றுமே சரியாக இருப்பதும் உண்டு.

தவறுகளைப் பதியும் குறிப்பேட்டில் சரியான விடை எது என்று எழுதாதீர்கள். தவறான விடை உங்களை ஏன் ஈர்த்தது என்று எழுதுங்கள். "மிகையாகச் சொன்னது", "கேள்வியை மறந்துவிட்டேன்", "பத்தியில் இல்லாததை நானே சேர்த்தேன்" என்பன போல ஒரு வரி போதும். சில வாரங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பயிற்சியை அதை நோக்கித் திருப்புங்கள்.

ஈ.டி.எஸ். தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் இரண்டு இலவசம். வெளியார் தயாரிக்கும் வெர்பல் கேள்விகளில் விடைகள் சில நேரம் வாதத்துக்குரியவையாக இருப்பதால், இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். ஒன்றை இன்னும் சில வாரங்கள் கழித்தும், மற்றதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சியில் எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் 21 நாள்கள் கழித்து மறுபடியும் எழுத விதி இடம் தருகிறது. 12 மாதங்களுக்குள் ஐந்து முறை வரை எழுதலாம், எந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆகவே விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஒட்டினாற்போல் தேர்வு நாளைக் குறிக்காமல், இன்னொரு முறை எழுத இடம்விட்டுக் குறியுங்கள்.

மாதிரித் தேர்வில் பலர் கட்டுரையைத் தாவிவிட்டு நேரே வெர்பலுக்குப் போகிறார்கள். உண்மைத் தேர்வில் கட்டுரை எப்போதும் முதலில்தான் வரும், அதன் பிறகே மற்றப் பிரிவுகள். மொத்தம் 1 மணி 58 நிமிடங்கள், நடுவே திட்டமிட்ட இடைவேளை கிடையாது. முப்பது நிமிடங்கள் இடைவிடாமல் எழுதி முடித்த களைப்போடு பத்திகளைப் படிப்பது தனிப் பழக்கம் என்பதால், அந்த இரண்டு பவர்பிரெப் தேர்வுகளையும் கட்டுரையோடு சேர்த்து ஒரே அமர்வில் எழுதுங்கள்.